அக்கரப்பத்தனையில் ஒரு மொறிஸ் மைனர்: மீட்டெடுப்பின் செலவும் பெறுமதியும்

இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனையில் பழைய காரொன்றை மீட்டெடுக்க 19 இலட்சம் ரூபா செலவிட்ட குடும்பமொன்று, வேலை முடிந்தபின் அதை மதிப்பிடுவித்தபோது கிடைத்த தொகை 13 இலட்சம். வேலை தொடங்குமுன், ஓடாத நிலையில் நின்ற அதே காருக்குக் கொழும்பிலிருந்து வந்த வியாபாரியொருவர் மூன்றரை இலட்சம் தர முன்வந்திருந்தார். அதை வேண்டாமென்று விட்டதும் ஒரு செலவுதான் என்பதால், காருக்குள் போன பணம் உண்மையில் 22.5 இலட்சம், வித்தியாசம் 9.5 இலட்சம். அந்த ஒன்பதரை இலட்சம் எதற்காகக் கொடுக்கப்பட்டது, கொடுத்தவர்கள் அதைத் தெரிந்து கொடுத்தார்களா என்பதே இந்த ஆய்வின் பொருள். செலவுக் கணக்கை ஆரம்பத்திலிருந்தே எழுதி வைக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. தொகைகள் பற்றுச்சீட்டுகளிலிருந்து எடுக்கப்பட்டுச் சுற்றுத் தொகைகளாகத் தரப்படுகின்றன. குடும்பத்தின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்துள்ளேன்.

காரும் அது வந்த வழியும்

கார் 1960 ஆம் ஆண்டின் நான்கு கதவு மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. 1956 இல் பிளவுபட்ட முன்கண்ணாடி நீங்கி, 948 சி.சி. எஞ்சினுடன் 1000 என்ற பெயரைப் பெற்றது. உற்பத்தி முடிவதற்குள் ஏறக்குறைய 16 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. ஆகவே உலக அளவில் இது அரிய வாகனமன்று; அரிதாக இல்லாத பொருளுக்குச் சந்தை ஓர் எல்லைக்கு மேல் விலை தராது என்பதை இந்தக் கணக்கைப் படிப்பவர் முதலிலேயே மனதிற் கொள்ள வேண்டும். ஆனால் மலையகத்தின் ஒடுங்கிய பாதைகளுக்கு இது பொருந்திய விதம் வேறு. பற்சட்டத்தால் இயங்கும் ஸ்டியரிங் கொண்டை ஊசி வளைவுகளில் கைக்கு இலகுவாகத் திரும்பும், உடல் சிறியது, பழுது பார்க்க எளியது.

இந்தக் காரின் முதல் உரிமையாளர் தோட்டத்துச் சின்னத்துரை, அதாவது உதவி முகாமையாளர். 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின், நாடு திரும்பும் ஏற்பாட்டில் இருந்த அவரிடமிருந்து தோட்ட மருத்துவ உதவியாளர் இதை வாங்கினார். தொழிலாளர்களுக்கு அவர் டாக்டர் ஐயா. அந்நாட்களில் தோட்டத்தில் ஒருவருக்குக் கடுமையாகிவிட்டால் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போவதே வழக்கம். ஐயாவிடம் கார் வந்த பிறகு, பிரசவ வலி கண்ட பெண்கள் பலர் லொறியின் இரும்புத் தட்டிலிருந்து தப்பி, அதன் பின்னிருக்கையில் படுத்தபடி லிந்துலைக்கும் நுவரெலியாவுக்கும் போனார்கள். வழியிலேயே பிறந்துவிட்ட குழந்தைகளும் உண்டு. அவர்களுள் ஒருவரான, இப்போது கொழுந்து பறிக்கும் பெண்மணி, காரைப் பார்க்க வந்தபோது சொன்னதை எழுதி வைத்துள்ளேன்: "இந்தக் காரு வர்ற சத்தம் கேட்டதுக்கு அப்புறந்தான் எங்கம்மாவுக்கு உசுரு வந்துச்சாம். அம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

1983 ஜூலையில் நுவரெலியாவில் தமிழர் கடைகள் எரிந்துகொண்டிருந்தபோது, தொழிலாளர்கள் இரவோடிரவாகக் காரைத் தள்ளிக்கொண்டு போய்த் தேயிலைத் தொழிற்சாலையின் விறகுக் கொட்டகையில் வைத்து, முன்னால் விறகை அடுக்கி மறைத்தார்கள். குடும்பம் இதை இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை. ஆனால் காரின் வலப்பக்கப் பின் மட்காட்டில் விறகுக் கட்டை இறங்கிய பள்ளமொன்று அப்படியே இருந்தது; அதைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐயா காலமான பின் கார் பல ஆண்டுகள் குவாட்டர்ஸின் பின்புறத் தகரக் கொட்டிலில் நின்றது.

பணத்தைத் தொடுமுன்

பிள்ளைகள் மூவர். மூத்தவர் கொழும்பில் கணக்காளர், நடுவில் உள்ளவர் தலவாக்கலையில் ஆசிரியை, இளையவர் கனடாவில். மூத்தவர் கேட்ட கேள்வி நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டு இந்த ஆய்வை எழுத முடியாது. "இவ்வளவு காசைக் கொட்டுறதுக்கு, அப்பா பேர்ல ஆஸ்பத்திரிக்கு நாலு கட்டில் வாங்கிக் குடுத்தா என்ன?" என்றார். தங்கையின் பதில்: "கட்டில் யாரும் குடுக்கலாம் அண்ணா. இந்தக் காரை நம்மளைத் தவிர யாரும் காப்பாத்தப் போறதில்ல." இருவர் சொன்னதும் சரி. நினைவைப் போற்றும் வழிகள் பல இருக்கையில், இந்த வழிக்கு மட்டும் கால எல்லை உண்டு என்பதைத் தங்கை கண்டிருந்தார். கட்டிலை அடுத்த வருடமும் வாங்கலாம். துருவுக்கு அடுத்த வருடம் என்பது இல்லை.

இதன்பின் அவர்கள் செய்த காரியம், பழைய வாகனத்தை மீட்டெடுக்க எண்ணும் எவரும் செய்ய வேண்டியது என நான் நம்புகிறேன். சந்தை திருப்பித் தராத தொகை எவ்வளவு வரை போகலாம் என்பதை ஓர் எண்ணாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். எழுதிய எண் 8 இலட்சம். உணர்ச்சிக்கு விலையில்லை என்று வாயால் சொல்லிவிட்டு, வேலை பாதியில் நிற்கும்போது அந்த விலைக்காகவே சண்டையிடும் குடும்பங்கள் அனேகம். இங்கே அந்தச் சண்டை வேலை தொடங்குமுன், சாப்பாட்டு மேசையில், ஓர் எண்ணைச் சுற்றி நடந்து முடிந்தது.

இன்னொரு தடை கடதாசியில் இருந்தது. கார்ப் புத்தகம் இறந்தவரின் பெயரிலேயே இருந்தது. உரிமை மாற்றப்படாத காருக்கு எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் அதை விற்கவோ, உரிய முறையில் காப்புறுதி செய்யவோ முடியாது. சட்டத்தரணி மூலம் உரித்துப் பத்திரங்களைத் தயாரித்து, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றிய பிறகே முதல் ஆணி கழற்றப்பட்டது. புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் காரிலுள்ளவற்றோடு பொருந்தின. பழைய வாகனத்தின் விலையில் கணிசமான பங்கு இந்தப் பொருத்தத்துக்கே உரியது.

தகட்டிலுள்ள இலக்கமும் பழையதே. சிங்கள ஸ்ரீ எழுத்துக் கொண்டது. வாகனத் தகடுகளில் இந்த எழுத்தைத் தமிழர் எதிர்த்ததால் 1958 இல் எழுந்த பூசலை அறிந்த தமிழ்க் குடும்பமொன்றுக்கு அந்தத் தகட்டைப் பணம் கொடுத்துப் புதுப்பிப்பது எளிய காரியமன்று. இளையவர் தயங்கினார். முடிவில், காரின் வரலாற்றைத் தமக்கு விருப்பமான பகுதிகளோடு மட்டும் வைத்திருக்க முடியாது என்று மூவரும் ஏற்றுக்கொண்டு, தகட்டை இருந்தபடியே விட்டார்கள்.

உடற்பகுதி: செலவில் ஏறக்குறையப் பாதி போன இடம்

மொத்தச் செலவில் 8.5 இலட்சம் டிங்கரிங் எனப்படும் தகட்டு வேலைக்கும் பெயின்ட் வேலைக்குமே போனது. இதன் காரணம் காரின் கட்டமைப்பில் இருக்கிறது. மொறிஸ் மைனருக்கு லொறியைப் போலத் தனிச் சட்டகம் இல்லை. உடலின் தகடுகளே பாரத்தைத் தாங்குகின்றன. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகள், தரைக்கு அடியில் குறுக்காக ஓடும் உத்திரம், பின் வில்லுகள் பொருந்தும் இடங்கள் ஆகியவை துருப்பிடித்தால், கார் வெளியே பளபளத்தாலும் உள்ளே முறிந்த எலும்போடு நிற்கிறது என்றே பொருள். மலையகத்தில் கடலுப்பு இல்லை என்பதால் துரு குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். உப்பு இல்லை, உண்மை. ஆனால் மேற்குச் சரிவுகளில் மே மாதம் தொடங்கும் தென்மேற்கு மழையும், வெயில் ஏறிய பின்னும் விலகாத மூடுபனியும், தகடுகளின் இடுக்கில் அடைந்த சேற்றை உலர விடுவதேயில்லை. இந்தக் காரின் வெளித்தகடு நன்றாக இருந்தது. உள்ளிருந்துதான் அது கரைந்திருந்தது.

தகடுகளின் மேல் பூசி நிரப்பியிருந்த பட்டியைச் சுரண்டியபோது ஒன்றின் கீழ் ஒன்றாகப் பழைய ஒட்டுகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று, டிக்கியின் தரையில், தேயிலைப் பெட்டியின் ஓரத் தகரத்தை வெட்டித் தட்டி ரிவெற் அடித்து ஒட்டியது. எழுபதுகளில் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் கிடைத்ததைக் கொண்டு செய்த வேலை அது. பாரம் தாங்கும் இடங்களில் இருந்த ஒட்டுகள் அனைத்தும் வெட்டி எறியப்பட்டுப் புதிய தகடு வெல்ட் செய்யப்பட்டது. அதில் சமரசத்துக்கு இடமிருக்கவில்லை. டிக்கியின் தரை பாரம் தாங்குவதில்லை என்பதால், தேயிலைப் பெட்டித் தகரம் துரு நீக்கப்பட்டு அதே இடத்தில் விடப்பட்டது. மட்காட்டின் விறகுக் கட்டைப் பள்ளமும் அவ்வாறே. தகட்டு வேலை செய்த கைவினைஞரான டிங்கரிங் பாஸ் இதை ஏற்கவேயில்லை. தன் கையால் முடித்த வேலையில் பள்ளம் தெரிவது அவருக்கு அவமானமாக இருந்தது. ஆசிரியை அந்த இரவின் கதையைச் சொன்ன பிறகு, பள்ளத்தின் விளிம்பு ஒளியில் சரியாகத் தெரியும்படி அவரே தேய்த்து முடித்தார்.

மாற்றுத் தகடுகள் பற்றி ஒரு செய்தியைப் பதிவு செய்ய வேண்டும். மொறிஸ் மைனருக்கான உடல் தகடுகள் ஒரு காலத்தில் இலங்கையிலேயே கையால் அடித்துச் செய்யப்பட்டு பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாகின. அந்தக் கைத்திறன் நாட்டில் முற்றாக அழிந்துவிடவில்லை. பெட்டித் தகடுகளை இங்கேயே வளைத்து எடுக்க முடிந்ததால் இச்செலவு இன்னும் மேலே போகாமல் நின்றது.

பெயின்ட் வேலையைப் பருவம் தீர்மானித்தது. அக்காலத்து செலுலோஸ் பூச்சையே மீண்டும் அடிக்க வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். ஆனால் ஈரக்காற்றில் அடித்தால் அது உலரும்போதே மேற்பரப்பில் ஈரம் படிந்து வெளுத்துப் போகும். மூடுபனி இறங்கும் ஊரில் அதை நினைத்த நாளில் அடிக்க முடியாது. வறட்சியான பெப்ரவரி வரும்வரை கார் சாம்பல் நிற அடிப்பூச்சோடு காத்திருந்தது.

எஞ்சினை மாற்றுவதா?

மெக்கானிக் முன்வைத்த யோசனை, பழைய எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு ஜப்பானிய எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் பொருத்துவது. இலங்கையில் பல மொறிஸ் மைனர்கள் இப்படித்தான் இன்னும் ஓடுகின்றன. அதை நான் குறைவாகச் சொல்லமாட்டேன், அன்றாடம் ஓட்டுபவருக்கு அது அறிவான தீர்மானம். மலைக்கு அது இன்னும் பொருந்தும். 948 சி.சி. எஞ்சின் புதிதாக இருந்தபோதே 37 குதிரை வலுதான் தந்தது. உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலு குறையும் என்பதால், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மிஞ்சுவது முப்பதை ஒட்டியதே. ஆயினும் இலக்கப் பொருத்தம் போனால் மதிப்பிலும் கணிசமான பகுதி போய்விடும். இந்த ஓர் இடத்தில் பணமும் பாசமும் ஒரே பக்கம் நின்றன: இருந்த எஞ்சினைக் காப்பதே இரண்டுக்கும் நல்லது. மலையில் கேட்டுப் பழகிய அந்தச் சத்தம் வேறு எஞ்சினிலிருந்து வராது என்பதையும் மறக்கக் கூடாது.

சிலிண்டர்கள் ஒரு மில்லிமீற்றர் பெருக்கிக் கடையப்பட்டு, அதற்கேற்ற பிஸ்டன்கள் வருவிக்கப்பட்டன. இந்த எஞ்சின் குடும்பமே ஒஸ்டின் ஏ35, பழைய மினி ஆகியவற்றிலும் இருந்ததால் பாகங்கள் இன்னும் உற்பத்தியாகின்றன. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் தேடினாலும் சில அகப்படும். வால்வுகள் அமரும் இடத்தைத் தேயாமல் காத்த, ஈயம் கலந்த பெற்றோல் நாட்டில் 2002 இல் நிறுத்தப்பட்டதால், எக்ஸோஸ்ட் வால்வுகளுக்குக் கடினமாக்கிய இருப்பு வளையங்கள் இறக்கப்பட்டன. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் சேர்த்து 3.5 இலட்சம்.

சிறு பாகங்களில் மலையகத்துக்கே உரிய வளமொன்று கைகொடுத்தது. காபரேட்டரின் துரொட்டில் தண்டு ஆடியது, பிரேக் பெடலின் தண்டு சுழலும் வளையமான புஷ் தேய்ந்திருந்தது, கதவுக் கீல்களின் ஊசிகள் மெலிந்திருந்தன. இவை அனைத்தையும் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர், தன் வீட்டோரத்துக் கடைசல் இயந்திரமான லேத்தில் கடைந்து கொடுத்தார். தலைமுறை தலைமுறையாக ரோலர்களையும் உலர்த்திகளையும், உதிரிப்பாகம் வரும் என்று காத்திராமல் ஓட வைத்த கைகள் இவை. அவர் வாங்கிய கூலி வெளிநாட்டுப் பாகத்தின் தபால் செலவுக்கும் குறைவு. தோட்டத் தொழிற்சாலைகள் வளர்த்த இந்தத் திறமையை நம் சமூகத்தின் சொத்தாக எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் வேலைகள் 2.5 இலட்சம். இக்காரின் முன் சக்கரத்தைத் தாங்கும் கிங்பினின் கீழ்ப்பகுதி மரையில் (திருகுப் புரியில்) நிற்பது; கிறீஸ் ஊட்டாமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மடிந்து விழும். மலைப்பாதையில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பழையதைக் காக்கும் பேச்சுக்கே இடமின்றி இருபுறமும் புதிய பாகம் போடப்பட்டது. முன் இருக்கைகளுக்குப் பாதுகாப்புப் பட்டிகளும், கதவுத் தூணிலிருந்து நீளும் பழைய சைகைக் கைகளுக்குத் துணையாக மினுங்கும் விளக்குகளும் சேர்க்கப்பட்டன. வயரிங் 1 இலட்சம். இருக்கை, உட்புறம், குரோம் வேலைகள் 2.25 இலட்சம்; ஏற்றியிறக்கலும் பத்திரச் செலவும் 1.25 இலட்சம்.

எல்லை தாண்டிய விதம்

எட்டு இலட்சத்தில் நிற்க வேண்டிய வித்தியாசம் ஒன்பதரை ஆனதற்கு 2022 ஆம் ஆண்டே காரணம். மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐ அண்மித்தது. கேட்டு வைத்திருந்த பாகங்களின் விலை, பணம் அனுப்புமுன்பே கைக்கு எட்டாமற் போனது. மார்ச் இறுதியில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு, வெல்டிங் நின்றது. ஜூன் மாதத்தில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதுவும் வரிசையில் நின்றால். அந்த மாதங்களில் தோட்டங்களில் மக்கள் ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியான வேளையில் பழைய காருக்குப் பணம் போடுவது சரியா என்று ஆசிரியையே கேட்டார், வேலை நிறுத்தப்பட்டது. டிங்கரிங் பாஸுக்கும் அவரது உதவியாளுக்கும் அந்தக் காலத்தில் வேறு வேலை இல்லை என்பது தெரியவந்த பின்னரே, கூலி வேலைகள் மட்டும் மெதுவாகத் தொடர்ந்தன. இளையவர் கனடாவிலிருந்து அனுப்பிய டொலருக்கு ரூபாவில் அதிகம் கிடைத்ததும் உண்மை. ஆனால் அந்த இலாபத்தை இறக்குமதிப் பாகங்களின் விலையேற்றம் தின்றுவிட்டது.

மதிப்பீட்டாளர் கண்டவை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களுக்குத் திறக்கப்படவில்லை. இடையில் நாட்டிலுள்ள பாவித்த கார்களின் விலை ஏறியதால், இந்தக் காரும் அதே அளவு ஏறியிருக்கும் என்று மூத்தவர் எதிர்பார்த்தார். 2024 இல் வந்த மதிப்பீட்டாளர் அந்த ஒப்பீட்டை ஏற்கவில்லை. அன்றாடப் பாவனைக்குக் கார் தேடுபவர் அறுபது வருடப் பழைய காரை வாங்க மாட்டார். இத்தனை பழைய வாகனத்துக்கு லீசிங் கிடைப்பதும் அரிது. ஆகவே கையில் ரொக்கமும் மனதில் ஆசையும் ஒருங்கே உள்ள சிலர்தான் வாங்குவோர் என்றார். இது சரியான வாதம். அவர் ஒத்த வகைக் கார்களை மட்டும் ஒப்பிட்டு 13 இலட்சம் எழுதினார்.

அவர் கழித்த இனங்களே இந்த ஆய்வின் மையம். இலக்கப் பொருத்தம், செலுலோஸ் பூச்சு, மூல எஞ்சின் ஆகியவற்றுக்கு மதிப்பைக் கூட்டிய அவர், மட்காட்டுப் பள்ளத்துக்கும் டிக்கியின் தேயிலைப் பெட்டித் தகரத்துக்கும் பின்னிருக்கையின் பழைய தோலுக்கும் மதிப்பைக் குறைத்தார். முன் இருக்கைகளுக்குப் புதிய தோல் தைத்த குடும்பம், பெண்கள் படுத்துப் போன பின்னிருக்கையை எண்ணெய் பூசி மென்மையாக்கி, கிழிந்த இடத்தைத் தைத்து, அப்படியே விட்டிருந்தது. அந்த மூன்றையும் புதுப்பித்திருந்தால் மேலும் ஒன்றரை இலட்சம் வரை எழுதியிருப்பேன் என்றார் மதிப்பீட்டாளர். புதுப்பிக்க ஆகும் செலவும் அதை ஒட்டியதே. சந்தை கழித்தது எதுவோ அதற்காகத்தான் குடும்பம் பணம் கொடுத்தது. அவற்றை அழித்திருந்தால் ஒன்பதரை இலட்சத்துக்கு ஈடாக அவர்களிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. எங்கெங்கோ நன்றாக மீட்டெடுத்த கார்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். புத்தம் புதிதாக்கப்பட்ட பின், அது யாருடைய கார் என்பதைக் காட்ட அவற்றில் ஒரு கீறல்கூட இருப்பதில்லை. அவற்றுக்குக் கிடைத்த கூடுதல் விலை மிகச் சிறியது.

காப்புறுதி 13 இலட்சத்துக்கே எடுக்கப்பட்டது. மதிப்பீட்டு அறிக்கையும் வேலையின் ஒவ்வொரு கட்டத்தின் நிழற்படங்களும் காரின் ஆவணக் கோவையில் இணைக்கப்பட்டுள்ளன. விபத்தில் கார் அழிந்தால் மீதித் தொகையை எவரும் தரப்போவதில்லை என்பதால், மழை நாட்களில் கார் எடுப்பதில்லை என்றும், கினிகத்தேனை, றம்பொடை இறக்கங்களில் இரண்டாம் கியருக்கு மேல் போகக் கூடாதென்றும் மூவரும் எழுதிக்கொண்டார்கள். விற்கும் நிலை வந்தால் மூவரின் கையெழுத்தும் வேண்டும். விலை அன்றைய சந்தையில் கிடைப்பது. கூடுதலாகப் போட்ட பணத்தை எவரும் மற்றவரிடம் கோர முடியாது.

முடியாத வேலைகள் சில உள்ளன. இரண்டாம் கியரின் சிங்க்ரோ, அதாவது கியர் இடறாமல் விழ உதவும் பாகம், தேய்ந்திருக்கிறது. இறக்கங்களில் அந்தக் கியரையே நம்ப வேண்டியிருப்பதால் இதை நீண்ட காலம் தள்ளிப்போட முடியாது. பிட்டரின் கண்பார்வை குறைந்து வருகிறது. அவர் கடைந்த புஷ்கள், ஊசிகள் ஒவ்வொன்றின் உட்குறுக்களவும் வெளிக்குறுக்களவும் உலோகமும் அவர் சொல்லச் சொல்லப் பதியப்பட்டு, வரைபடங்களாகக் கோவையில் சேர்க்கப்பட்டுள்ளன. அந்த லேத்தில் வேலை பழக அவரது மருமகன் முன்வந்திருக்கிறார். கியர்பொக்ஸ் திறக்கப்படும்போது முதல் புஷ்ஷை மருமகனே கடைவதாக ஏற்பாடு.